கருதும் கதையும் காட்டும் கதையும்

கதையைப் பிறர்க்கு உணர்த்தும் வழி இரண்டு. ஒன்று சொல்லுதல், மற்றொன்று காட்டுதல். சொல்லக் கேட்பவன் காட்சியைத் தன் உள்ளத்தில் தானே அமைத்துக் கொள்கிறான். காட்டக் காண்பவனுக்கோ பிறர் அமைத்த காட்சி கண்முன் வந்து நிற்கிறது. இவ்விரண்டனுள் எது சிறந்தது என்னும் வழக்கு மிகப் பழையது. அஃது இன்று கணினி ஆட்டம் ஆடும் இளைஞரிடையே புதுவடிவில் நடைபெற்று வருகிறது.

வேடம் ஏற்று ஆடும் கதை ஆட்டங்கள் எனச் சில உண்டு. ஆடுபவன் ஒரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ வேடம் பூண்டு, கதைக்குள் புகுந்து, தன் முடிவுகளால் அதனை நடத்திச் செல்வான். தொடக்கத்தில் இவ்வாட்டங்கள் எழுத்தாலும் விரலளவு உருவங்களாலும் கதையை உணர்த்தின. இப்போது அவை திரைப்படம் போலவே முகம் காட்டி, குரல் கொடுத்து, இசை கூட்டி நடைபெறுகின்றன. 'பழைய ஆட்டத்தில் நம் கற்பனைக்கு இடம் இருந்தது. புதியதில் நாம் வெறும் பார்வையாளர் ஆகிவிட்டோம்' என்பர் ஒரு சாரார். 'கண்ணால் காணும்போதுதான் கதை உயிர் பெறுகிறது' என்பர் மற்றொரு சாரார்.

இதற்கும் தமிழாசிரியர்க்கும் என்ன தொடர்பு என்று அன்பர்கள் வினவலாம். தொடர்பு மிக உண்டு. கேட்போனுக்கு எவ்வளவு இடம் விடவேண்டும் என்னும் கேள்வியை நம் முன்னோர் கணினிக்கு ஈராயிரம் ஆண்டுகட்கு முன்பே ஆராய்ந்து விதியும் வகுத்துள்ளனர். அவ்விதி பின்னர்க் கூத்திலும், பேசும் படத்திலும், வானொலியிலும் என்ன ஆயிற்று என்பதை வரலாற்று முறையில் காண்போம். அதன் முடிவில் நம் மாணவர்தம் மொழி நிற்பதையும் காண்போம்.

பெயர் சுட்டா மரபு

அகப்பாட்டில் தலைமக்களின் இயற்பெயரைச் சுட்டிக் கூறுதல் ஆகாது என்பது தொல்காப்பிய அகத்திணையியலின் விதி. தலைவன், தலைவி, தோழி, செவிலி என்று மட்டுமே அவர்கள் வருவர். குறுந்தொகையிலோ நற்றிணையிலோ காதலிக்குப் பெயர் இல்லை. முகமும் தனித்து வரையப்படவில்லை. நிலமும் பொழுதும் பூவும் பறவையும் நுணுக்கமாகச் சொல்லப்படுகின்றன. ஆனால், நடுவில் நிற்கும் ஆள் மட்டும் வெற்றிடமாக விடப்படுகிறான். படிப்பவர் எவரும் அவ்விடத்தில் சென்று நிற்கலாம் என்பதே அதன் பயன்.

இவ்விதி எவ்வளவு கண்டிப்பானது என்பதற்கு நெடுநல்வாடை சான்று. போர் காரணமாகப் பிரிந்த தலைவனை எண்ணி வருந்தும் அரசியைப் பாடும் அப்பாட்டில், வேலின் தலையில் வேம்பு கட்டப்பட்டிருந்தது என்று ஒரு குறிப்பு வருகிறது. வேம்பு பாண்டியர்க்கு உரிய அடையாளப் பூ. இந்த ஒரு சொல்லால் தலைவன் இன்னான் எனத் தெரிந்துவிட்டமையால் அப்பாட்டு அகமன்று, புறமே என்று நச்சினார்க்கினியர் முடிவு செய்தார். பெயரைக்கூடச் சொல்லவில்லை, ஓர் இலைதான் காட்டப்பட்டது. அவ்வளவிலேயே கேட்போன் நிற்கவேண்டிய இடத்தைப் பாண்டியன் பிடித்துக்கொண்டான்!

அரங்கிலும் இந்நுட்பம் உண்டு. மாதவியின் அரங்கேற்றத்தைக் கூறும் இளங்கோவடிகள், ஏழுகோல் அகலமும் எட்டுகோல் நீளமும் ஒருகோல் உயரமும் உடைய மேடையை அளந்து காட்டுகிறார். அம்மேடையில் ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என மூவகைத் திரைகள் இருந்தன. காட்டுவதற்கு ஒரு மேடை. மறைப்பதற்கோ மூன்று திரை. மறைத்தலும் அரங்கக் கலையின் ஒரு பகுதி என்பதை இதனினும் தெளிவாகக் கூற இயலுமோ?

தோட்டத்துக் கூத்து

தஞ்சை, திருச்சி, சேலம், ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து மலாயாத் தோட்டங்களுக்கு வந்த நம் மக்கள் தங்கள் கூத்தையும் உடன் கொண்டுவந்தனர். பகலெல்லாம் பால்மரம் வெட்டியவர் இரவில் துரியோதனனாக நின்றார். கங்காணிக்கு அஞ்சி வாய் திறவாதவர் அரிதாரம் பூசியதும் அரசவையே நடுங்கக் குரல் எழுப்பினார். வேடம் ஏற்றல் என்பதன் முழுப்பொருளை அன்றைய தோட்டம் அறிந்திருந்தது.

தெருக்கூத்தில் காட்சி அமைப்பு என்று சொல்லத்தக்கது ஒன்றுமில்லை. இருவர் ஒரு துணியைப் பிடிப்பர். அதன் பின்னால் நின்று நடிகர் தம்மை அறிமுகம் செய்து பாடுவார். துணி விலகுமுன்னரே காண்போர் உள்ளத்தில் துரியோதனன் வந்துவிடுவான். கட்டியங்காரன் 'இது அத்தினாபுரம்' என்றால் பெரட்டுக் களமே அத்தினாபுரம் ஆகும். அருச்சுனன் தவத்தில் மண்ணில் நட்ட ஒரு மரந்தான் கயிலைக்குச் செல்லும் வழி. நடிகர் பாடிக்கொண்டே அதில் ஏறுகையில், கீழே அமர்ந்திருப்பவர் மரத்தைக் காண்பதில்லை, மலையையே காண்கின்றனர்.

காமன் கூத்து இதற்கும் ஒருபடி மேலே சென்றது. தஞ்சைப் பகுதியிலும் இலங்கை மலையகத் தோட்டங்களிலும் வேரூன்றிய அக்கூத்தில் ஊரே கதைமாந்தர் ஆகிவிடும். காமன் எரிந்தான் என்று ஒரு கட்சியும் எரியவில்லை என்று ஒரு கட்சியும் லாவணி பாடி விடியும்வரை வழக்காடும். பார்ப்பவன் வேறு, ஆடுபவன் வேறு என்னும் பிரிவே அங்கில்லை. இன்றைய வேடமேற்பு ஆட்டங்கள் பெருமையாகக் கூறிக்கொள்ளும் இயல்பும் இதுவே அன்றோ?

பேசும் படம் வந்தது

கோவையைச் சேர்ந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905ஆம் ஆண்டு முதல் ஊர் ஊராகக் கூடாரம் அடித்துச் சலனப் படங்களைக் காட்டினார். அந்த ஊமைப்பட நாளில் திரையின் அருகே நின்று கதை சொல்ல ஒருவர் இருந்தார். படம் வந்த பின்னும் கட்டியங்காரன் விடைபெறவில்லை. 1931இல் 'காளிதாஸ்' வெளிவந்து திரை பேசத் தொடங்கியதும் அவருக்கு வேலை இல்லாமற் போயிற்று.

மலாயாவில் 1946இல் மலாயாத் திரைப்படப் பிரிவு தோன்றியது. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசர காலத்தில் தகவல் இலாகாவின் வண்டிகள் தோட்டந்தோறும் சென்று திறந்த வெளியில் படம் காட்டின. நகரத்தில் பிரிக்பீல்ட்ஸின் லிடோ, பத்து ரோட்டின் கொலிசியம் போன்ற கொட்டகைகள் இருந்தன. கூத்து நடந்த அதே திடலில் வெள்ளைத் துணி கட்டப்பட்டது. இருவர் பிடித்த பழைய துணி மறைப்பதற்காகப் பிடித்தது. இப்புதிய துணியோ எல்லாவற்றையும் காட்டுவதற்காகக் கட்டியது.

சினிமாவால் எல்லாம் கெட்டது என்று கூறுதல் நேர்மையாகாது. 1952இல் வெளிவந்த 'பராசக்தி'யின் நீதிமன்றப் பேச்சை மனப்பாடம் செய்யாத இளைஞர் அக்காலத்தில் அரியர். எழுதப் படிக்க அறியாதாரும் அடுக்குத் தமிழ் பேசினர். அப்படங்கள் காட்சியை நம்பியதைவிடச் சொல்லை நம்பின என்பதை நாம் மறத்தலாகாது.

காதாற் கண்ட படம்

இதனினும் வியப்பான செய்தி ஒன்று உண்டு. திரைப்படமே மீண்டும் கேட்கும் கதையாக மாறியதுதான் அது. ரேடியோ மலாயா 1946 ஏப்ரல் முதல் நாள் தொடங்கப்பெற்றது. வானொலி நாடகங்களோடு திரைப்படங்களின் ஒலிச்சித்திரங்களும் நம் வீடுகளுக்கு வந்தன. 'வீரபாண்டிய கட்டபொம்மன்' (1959), 'திருவிளையாடல்' (1965) போன்ற படங்களின் கதை வசனம் இசைத்தட்டுகளாகிக் கோயில் திருவிழா ஒலிபெருக்கிகளில் முழங்கியது. படத்தைக் காணாத பலர் அதனைக் காதால் கண்டனர். தருமியும் இறைவனும் வாதிடும்போது அவை எப்படி இருந்தது, நக்கீரர் எங்கே அமர்ந்திருந்தார் என்பதை அவரவர் உள்ளமே அமைத்துக் கொண்டது.

1963 டிசம்பர் 28ஆம் நாள் மலேசியத் தொலைக்காட்சி தொடங்கியது. எண்பதுகளில் ஒளிநாடாக்கள் கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் கடைதோறும் கிடைத்தன. தோட்டங்களும் துண்டாடப்பட்டன. சீபீல்டு தோட்டம் இருந்த நிலத்தில் சுபாங் ஜெயா எழுந்தது. சுங்கை ரெங்கம் தோட்டம் ஷா ஆலம் நகரமாயிற்று. திடல் போயிற்று, திடலோடு கூத்தும் போயிற்று. கதை கேட்கக் கூடிய கூட்டம் கலைந்து, ஒவ்வொரு வீட்டிலும் ஒரு திரை முன் அமர்ந்தது.

கணினி ஆட்டம் நடந்த பாதை

இனி, கணினி ஆட்டங்களின் வரலாற்றைப் பார்ப்போம். நம் கதைமரபு பன்னூறு ஆண்டுகளில் நடந்த பாதையை அவை ஐம்பது ஆண்டுகளில் நடந்துவிட்டன.

1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவர் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் ஆட்டத்தை வெளியிட்டனர். அதில் திரையும் இல்லை, மின்சாரமும் இல்லை. மேசையைச் சுற்றி நண்பர்கள் அமர்வர். ஒருவர் கதை சொல்வார். மற்றவர் வேடம் ஏற்பர். 'எதிரே ஒரு குகை, உள்ளே உறுமல் கேட்கிறது, என்ன செய்வீர்?' என்று அவர் கேட்பார். கட்டியங்காரனை அவர்கள் அறியார். ஆயினும் அவன் தொழிலையே அவர்கள் புதிதாகக் கண்டுபிடித்தனர்.

1976, 1977 ஆண்டுகளில் வில் கிரவுதரும் டான் உட்ஸும் அமைத்த குகை ஆட்டம் முழுவதும் எழுத்தே. இருட்டறை என்று எழுத்து கூறும்; ஆடுபவனே இருட்டைக் கண்டுகொள்ள வேண்டும். 1986இல் ஜப்பானில் 'டிராகன் குவெஸ்ட்' வந்தது. அடுத்த ஆண்டே 'ஃபைனல் ஃபேன்டஸி' தோன்றியது. 'டிராகன் குவெஸ்ட்' வீரனுக்குப் பெயரிடுபவன் ஆடும் சிறுவனே. வீரன் தானாகப் பேசுவது மிக அரிது. அகத்திணைத் தலைவனைப் போலப் பெயரில்லாத ஒருவன்!

1997இல் 'ஃபைனல் ஃபேன்டஸி' ஏழாம் பாகம் மூன்று குறுந்தட்டுகளில் வெளிவந்தபோது, ஆட்டத்தின் இடையே திரைப்படம் போன்ற காட்சிகள் ஓடின. 2001இல் வந்த பத்தாம் பாகத்தில் கதைமாந்தர் வாய்திறந்து பேசினர். பேசும் படத்தின் வரலாறு அங்கும் நிகழ்ந்தது.

இவ்வேலை அயல்நாட்டில் மட்டும் நடைபெறுவதன்று. 2002இல் வந்த 'வார்கிராஃப்ட்' மூன்றாம் ஆட்டத்தை 2020இல் புதுக்கியபோது, அதன் உருவங்களை வரைந்து தருவதில் நம் கிள்ளான் பள்ளத்தாக்கிலுள்ள லெமன் ஸ்கை கலைக்கூடம் பங்கு கொண்டது. அதே ஆண்டு சோனி நிறுவனமும் கோலாலம்பூரில் ஆட்டக் கலைக்கூடம் ஒன்றைத் தொடங்கிற்று. கூத்தாடிய தோட்டங்கள் இருந்த வட்டாரத்திலேயே இன்று உலகத்துக்கான வேடங்கள் தீட்டப்படுகின்றன.

காட்டுவதன் விலை

சொல்லுக்கும் காட்சிக்கும் பெரியதொரு வேறுபாடு உண்டு. அது செலவு. 'மலை பிளந்தது' என்று எழுதவும் 'கதவு திறந்தது' என்று எழுதவும் ஒரே அளவு மைதான் வேண்டும். கூத்தில் குடிசைக்கும் கயிலைக்கும் ஒரே துணிதான். காட்டத் தொடங்கினாலோ ஒவ்வொன்றுக்கும் ஆளும் காலமும் பொருளும் வேண்டும். 'ஃபைனல் ஃபேன்டஸி' ஏழாம் பாகத்தை மறுபடி முழுக்கோலத்தில் காட்ட முற்பட்டபோது, பழைய கதையின் தொடக்க நகரப் பகுதி மட்டுமே 2020இல் ஒரு தனி ஆட்டமாயிற்று. அதன் தொடர்ச்சி 2024இல்தான் வந்தது.

வேடமேற்பு ஆட்டத்தில் ஆடுபவன் எந்த வழியையும் தேர்ந்தெடுக்கலாம். அவன் தேரும் ஒவ்வொரு வழியையும் காட்டவேண்டுமானால் படம் முடிவின்றி நீளும். 2023இல் வெளிவந்த 'பால்டர்ஸ் கேட்' மூன்றாம் ஆட்டத்தில் இவ்வாறு அமைக்கப்பட்ட காட்சிகள் ஏறத்தாழ 174 மணி நேரம் என்று அதனை ஆக்கியோர் அறிவித்தனர். அத்தகைய உழைப்பு எல்லார்க்கும் இயலுமா? இயலாதபோது குறைக்கப்படுவது எது? ஆடுபவன் செல்லக்கூடிய வழிகளே.

தலைவனுடைய குரலைப் பற்றிய செய்தி இன்னும் சுவையானது. 'ஃபால்அவுட்' என்னும் வரிசையில் 2015இல் வந்த நான்காம் ஆட்டம் தலைவனுக்கு ஒரு நடிகரின் குரலைக் கொடுத்தது. 'இவன் நானல்லன்' என்று ஆடுவோர் பலர் குறைகூறினர். அதே நிறுவனம் 2023இல் வெளியிட்ட 'ஸ்டார்ஃபீல்டு' ஆட்டத்தில் தலைவன் மீண்டும் ஊமையானான். 174 மணி நேரம் காட்டிய 'பால்டர்ஸ் கேட்' ஆட்டத்திலும் பிறரெல்லாம் குரலோடு உரையாட, ஆடுபவன் தானே படைத்துக்கொண்ட தலைவன் உரையாடலில் வாய் திறப்பதில்லை. அவன் சொல்வது எழுத்தாகத் தெரியும்; குரலை ஆடுபவன் தன் மனத்துள் கொடுக்கவேண்டும். கோடிக்கணக்கில் செலவிட்டும் அந்த ஓரிடத்தை மட்டும் வெறுமையாக விட்டனர். தொல்காப்பியரின் விதியை அவர்கள் படித்திருக்க மாட்டார்கள். ஆயினும் பட்டறிவு அவர்களை அங்கேயே கொண்டுவந்து நிறுத்தியது.

எழுத்தும் தோற்றுவிடவில்லை. 2019இல் வந்த 'டிஸ்கோ எலிசியம்' பத்து இலட்சம் சொற்கள் அளவுக்கு எழுத்தால் அமைந்தது. இந்தியாவில் புனே நகரத்தார் 2020இல் வெளியிட்ட 'ராஜி' என்னும் ஆட்டம் கதைப்பகுதிகளை நிழற்பாவைக் கூத்தின் சாயலில் சொன்னது. கறுப்பு நிழலுக்குக் கண்ணும் முகமும் கொடுப்பது காண்போர் கடமை.

ஆகவே, படம் தீது, சொல் நன்று என்பதன்று இவ்வரலாறு கற்பிக்கும் பாடம். மெய்ப்பாட்டியல் எழுதிய இனம் முகக்குறிப்பின் அருமையை மறுக்க இயலுமா? காட்டுக, ஆனால், கேட்போன் நிற்க ஓர் இடம் விட்டுக் காட்டுக. இதுவே பாடம்.

வெற்றிடத்தை நிரப்பும் மொழி

தமிழாசிரியர் கவலைகொள்ள வேண்டிய இடம் இனித்தான் வருகிறது. அவ்வெற்றிடத்தைக் குழந்தை எதைக்கொண்டு நிரப்பும்? சொல்லைக் கொண்டுதான். எந்த மொழியின் சொல்லை? கதை எந்த மொழியில் சொல்லப்பட்டதோ அந்த மொழியின் சொல்லை.

நான்காம் ஆண்டு மாணவர்க்குப் பகாசுரன் கதையைப் படம் எதுவுமின்றிச் சொல்லி, அவனை வரையச் செய்வது என் வழக்கம். ஒரு பிள்ளை வாயை மட்டும் தாள் முழுதும் வரைவான். ஒருத்தி வெறும் வண்டியையும் சிதறிய சோற்றையும் வரைந்து, அரக்கன் தாளுக்கு வெளியே நிற்கிறான் என்பாள். வரையும்போது அவர்கள் சொற்களைக் கேட்பார்கள். 'கோரைப்பல் எப்பக்கம் இருக்கும் ஐயா? பிடரி என்றால் எது?' என்று வினவுவார்கள். இதே கதையைச் சித்திரப்படமாகத் திரையிட்டுக் காட்டிய வகுப்பில் எல்லாப் பகாசுரனும் ஒரே நிறம், ஒரே கொம்பு. கதையைத் திருப்பிச் சொல்லச் சொன்னால், 'அவன் இப்படி வந்தான், அதை எடுத்து இப்படிப் போட்டான்' என்று கையால் காட்டுவார்கள். கண்ட காட்சிக்குச் சொல் தேவைப்படவில்லை. தேவைப்படாத சொல் வாயில் தங்கவில்லை.

நம் பிள்ளைகள் ஆடும் ஆட்டங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலும் ஜப்பானியத்திலும் பேசுகின்றன. காட்சி செறியச் செறியத் தமிழ் நுழைய வழி குறைகிறது. 174 மணி நேரக் காட்சிக்கு நிகரானதை நம்மால் ஆக்க இயலாது. ஆனால், சொல்லால் ஓர் உலகத்தை ஆக்க நமக்கு என்ன தடை? ஒரு துணியும் ஒரு கட்டியங்காரனும் போதும் என்று நம் பாட்டனார் காட்டிச் சென்றிருக்கின்றனர்.

ஆறாம் ஆண்டு அரசுத் தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. வகுப்பறை மதிப்பீட்டில் வாய்மொழிக்கு இடம் உண்டு. வாரத்தில் ஒரு பாடவேளையைக் கதையாட்டத்திற்கு ஒதுக்கலாம். ஆசிரியர் கட்டியங்காரனாக நின்று 'எதிரே ஆறு, பாலம் உடைந்திருக்கிறது, என்ன செய்வீர்கள்?' என்று கேட்கட்டும். நால்வர் நான்கு வேடம் ஏற்கட்டும். விடையைத் தமிழில் சொன்னால்தான் கதை நகரும் என்பது ஒன்றே விதி. படம் வேண்டாம், பலகையில் ஒரு கோடுகூட வேண்டாம். வீட்டில் கணினி ஆட்டத்தில் பெரியவராக விளங்கும் மாணவரே இதில் முன்வந்து நிற்பதை ஆசிரியர் காண்பர். ஏனெனில் ஆட்டத்தின் இலக்கணம் அவர்கட்கு முன்பே தெரியும். அதற்குரிய தமிழ்தான் அவர்கட்குத் தேவை.

நம் நாட்டில் தமிழ்ப்பள்ளிகள் ஐந்நூற்றுக்கு மேல் உள்ளன. அவற்றுள் ஒவ்வொன்றிலும் ஒரு வகுப்பாவது இவ்வாறு கதை கேட்குமானால், திடலோடு போன கூத்து வகுப்பறைக்குத் திரும்பி வரும். பிள்ளைகள் திரையில் காணும் வீரர்க்கெல்லாம் முகமும் குரலும் பிறர் கொடுத்திருக்கிறார்கள். தமிழ்க் கதையின் தலைவனுக்கு அவற்றை அவர்களே கொடுக்கட்டும், தமிழால் கொடுக்கட்டும்.